கரியமில வாயு: ஒரு சொல்லும் குருதியின் அமில காரச் சமநிலையும்

மொழியியலாளர் ஒருவர் பொதுவுரை ஆற்ற வந்தால் எழுத்து, ஒலி, சொல், தொடர் என இவற்றுள் ஏதேனும் ஒன்றைப் பற்றியே பேசுவார் என அவையோர் எதிர்பார்ப்பது இயல்பு. இம்முறை நாம் எடுத்துக்கொண்டது மருத்துவமனை ஆய்வுத் தாள் ஒன்றை. அதில் சொற்கள் சில; எண்களே பல. ஆயினும் அவ்வெண்களைப் படிக்கும் முறை, ஒரு தொடரில் சொற்களைப் படிக்கும் முறைக்கு மிக நெருங்கியது என்பதை நாம் மருத்துவமனைக் கட்டிலருகே நின்று கற்றுக்கொண்டோம். நாம் மருத்துவர் அல்லர். இங்குக் கூறுவன மருத்துவப் பாடநூல்களில் எவரும் காணக்கூடிய அடிப்படைச் செய்திகளே. இவற்றைக் கொண்டு எவரும் தமக்கோ பிறர்க்கோ சிகிச்சையை முடிவு செய்யலாகாது.

நம் தமக்கையாரின் கணவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் புகைபிடித்தவர். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் அவருக்கு இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலையில் மூச்சிரைப்பு மிகுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். முகமூடி வழியே உயிர்வளி செலுத்தினர். விரல்நுனியில் மாட்டும் கருவி 98 விழுக்காடு எனக் காட்டியது. வீட்டார் அனைவருக்கும் நிம்மதி. இரவு எட்டு மணியளவில் அவர் பேச்சுக் குறைந்து, கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லாமலே கண்ணயர்ந்தார். களைப்பினால் உறங்குகிறார் என்றே எண்ணினோம். அவ்வழியே வந்த தாதி அவரைத் தட்டி எழுப்பிப் பார்த்தார். உடனே மருத்துவரை அழைத்தார். மணிக்கட்டுத் தமனியிலிருந்து குருதி எடுத்தனர். சில நிமிடங்களில் ஒரு சிறு தாள் வந்தது. பிஎச் 7.25, கார்பன் டை ஆக்சைடு 80, பைகார்பனேட்டு 34.

மருத்துவர் ஆங்கிலத்தில் விளக்கினார். தமக்கையார் நம்மைப் பார்த்தார்.

"தம்பி, டாக்டர் என்ன சொல்றாரு? ஆக்சிஜன்தான் 98 இருக்கே?"

"ரத்தத்துல கரிவளி கூடிப்போச்சாங்கா. அதனால ரத்தம் அமிலமா மாறுதாம்."

"அமிலமா? புளிப்பு ஒண்ணும் குடுக்கலையே! மத்தியானம் ரெண்டு வாய் ரசம் சோறுதான் சாப்பிட்டாரு."

தமிழ் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றவராகிய நாம் அப்போது வாயடைத்து நின்றோம். தமக்கையாரின் ஐயத்தில் பிழையில்லை. அமிலம் என்னும் சொல் வடமொழியில் புளிப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மலேசியத் தமிழ்ப்பள்ளி அறிவியல் நூல்களில் வழங்கும் காடி என்பதும் புளித்த நீர்தான். சொல்லின் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டதனாலேயே அவர் ரசத்தை நினைத்தார். அவருக்கு நாம் தந்த விளக்கத்தில்தான் ஒரு கண்ணி அறுந்திருந்தது: கரிவளிக்கும் அமிலத்திற்கும் என்ன உறவு?

பழைய சொல் ஒன்று அவ்வுறவைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. நம் தலைமுறையினர் பள்ளியில் படித்த சொல் கரியமில வாயு. கரி, அமிலம், வாயு என்னும் மூன்றும் சேர்ந்தது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இவ்வாயுவுக்கு வழங்கிய பெயரின் நேர்பெயர்ப்பு. பின்னர் வடசொல் நீக்கும் நோக்கில் வாயு வளியாயிற்று; சுருக்கம் கருதி அமிலமும் விடுபட்டது; கரிவளி என்னும் அழகிய சொல் கிடைத்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்களோ கார்பன் டை ஆக்சைடு என்றே எழுதலாயின. இரண்டிலும் குறையில்லை. ஆனால் அன்றிரவு நமக்குத் தேவைப்பட்டது இடையில் நின்ற அந்த அமிலம் என்னும் சொல்லே. இவ்வாயு நீரில் கரைந்தால் கரியமிலம் ஆகிறது. குருதியில் பெரும்பகுதி நீர். எனவே உடலுக்குள் இவ்வாயு தேங்குவதும் அமிலம் தேங்குவதும் ஒன்றே. நாம் ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் அமிலத்தையே வெளியேற்றுகிறோம்.

அவ்வமிலம் சிறிதளவும் அன்று. உணவு எரிந்து ஆற்றலாகும்போது ஒரு நாளில் ஏறத்தாழ 15,000 மில்லிமோல் கரியமில வாயு உடலில் உண்டாகிறது. அத்தனையையும் நுரையீரல் வெளியேற்றுகிறது. ஆவியாக மாறி வெளியேற இயலாத பிற அமிலங்கள் நாளொன்றுக்கு 70 மில்லிமோல் அளவே. அவற்றைச் சிறுநீரகங்கள் கழிக்கின்றன. ஒரு புறம் நொடிதோறும் மாறவல்ல நுரையீரல். மறுபுறம் மெல்ல இயங்கினும் விடாது உழைக்கும் சிறுநீரகம். இவ்விரண்டின் கூட்டுப் பொறுப்பே குருதியின் சமநிலை. ரசமும் எலுமிச்சையும் இக்கணக்கில் இடம்பெறுவதில்லை. அவற்றின் அமிலத்தை உடல் எரித்து, அதே வாயுவாக மூச்சில் விட்டுவிடும். கடைகளில் விற்கும் காரநீரைப் பருகிக் குருதியைக் காரமாக்கலாம் என நம்புவோர்க்கும் இதே விடைதான்.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். தமனிக் குருதியின் இயல்பளவுகள் இவை: பிஎச் 7.35 முதல் 7.45 வரை, கரியமில வாயுவின் அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம், உயிர்வளியின் அழுத்தம் 80 முதல் 100, பைகார்பனேட்டு லிட்டருக்கு 22 முதல் 26 மில்லிமோல். சில மருத்துவமனைகள் வாயு அழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் எழுதுவதுண்டு. அங்கே 40 என்பது 5.3 என வரும். அலகைப் பாராமல் எண்ணை மட்டும் பார்த்து அஞ்சியவர்களை நாம் அறிவோம்.

பிஎச் என்பது சற்றே ஏமாற்றும் அளவு. அது குருதியிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவை மடக்கை முறையில் தலைகீழாகக் காட்டுவது: அமிலம் கூடினால் எண் குறையும். 7.40 என்றால் லிட்டருக்கு 40 நானோமோல், 7.10 என்றால் 80. பார்ப்பதற்குப் பத்தில் மூன்று பங்கு வேறுபாடுதான். உண்மையில் அமிலம் இரு மடங்காகிவிட்டது. குருதியில் சோடியம் லிட்டருக்கு 140 மில்லிமோல் இருக்க, ஹைட்ரஜன் அயனி அதில் ஏறத்தாழ முப்பத்தைந்து இலட்சத்தில் ஒரு பங்கே. இவ்வளவு சிறிய ஒன்றை உடல் இத்தனை கவனத்தோடு காப்பதற்குக் காரணம் உண்டு. நம் புரதங்களின் வடிவமும் நொதிகளின் செயலும் அவ்வயனியின் அளவைச் சார்ந்தவை. 6.8க்குக் கீழும் 7.8க்கு மேலும் உயிர் நிலைப்பது அரிது.

இவ்வளவைகள் பெரும்பாலும் ஒரே நகரில் பிறந்தவை என்பது பலர் அறியாதது. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் என்னும் பீர் வடிப்பாலை நடத்திய ஆய்வகத்தில் பணியாற்றிய சோரன்சன், 1909இல் பிஎச் என்னும் குறியீட்டை வகுத்தார். அதிலுள்ள முதலெழுத்து எச்சொல்லின் சுருக்கம் என்பது பற்றி இன்றும் வழக்குண்டு. அவர் அதைத் தெளிவாகச் சொல்லிச் செல்லவில்லை. சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் இதை நினைவில் வைப்பது நலம்! அமெரிக்கரான ஹென்டர்சன் 1908இல் அமிலத்திற்கும் பைகார்பனேட்டுக்கும் உள்ள உறவைச் சமன்பாடாக எழுதியிருந்தார். அதனை 1916இல் பிஎச் குறியீட்டோடு இணைத்தவர் ஹாசல்பால்க், அவரும் கோபன்ஹேகன்காரரே.

அச்சமன்பாட்டின் சாரம் எளியது. குருதியின் பிஎச், பைகார்பனேட்டின் தனி அளவாலோ கரியமில வாயுவின் தனி அளவாலோ தீர்மானிக்கப்படுவதில்லை. இரண்டன் விகிதமே அதனைத் தீர்மானிக்கிறது. இயல்பு நிலையில் பைகார்பனேட்டு 24. 40 அழுத்தத்தில் கரைந்திருக்கும் கரியமில வாயு 1.2 மில்லிமோல். விகிதம் 20க்கு 1. இவ்விகிதம் மாறாதிருக்கும் வரை பிஎச் 7.40. மேலெண்ணைப் பேணுவது சிறுநீரகம், கீழெண்ணைப் பேணுவது நுரையீரல். ஒன்று கூடினால் மற்றொன்றையும் கூட்டி விகிதத்தைக் காக்க உடல் முயலும். இதனை ஈடுசெய்தல் என்கிறோம். நுரையீரல் சில நிமிடங்களில் ஈடுசெய்யத் தொடங்கிவிடும். சிறுநீரகத்திற்குச் சில நாள் வேண்டும்.

எண்ணைத் தனித்துப் படிப்பதால் என்ன நேரும் என்பதற்கு அதே நகரின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1952ஆம் ஆண்டுக் கோடையில் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவியது. பிளெக்டாம் மருத்துவமனைக்கு நோயாளிகள் வந்தவண்ணம் இருந்தனர். மூச்சுத்தசைகளும் விழுங்கும் தசைகளும் செயலிழந்தவர்களைக் காக்க அன்று இருந்தவை, உடலையோ மார்பையோ மூடி இயங்கும் சில இயந்திரங்களே. அவற்றில் வைத்துக் காக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்தனர்.

இறந்தோரின் குருதியில் ஒரு புதிர் இருந்தது. அக்காலத்தில் எளிதில் அளக்கக்கூடியதாக இருந்தது குருதியின் மொத்தக் கரியமில வாயு அளவு. அதில் பெரும்பகுதி பைகார்பனேட்டு. அந்நோயாளிகளிடம் அது மிக உயர்ந்து காணப்பட்டது. பைகார்பனேட்டு காரத்தன்மையுடையது. ஆகவே காரம் மிகுந்துவிட்டது, காரணம் விளங்கவில்லை என மருத்துவர்கள் முடிவு செய்தனர். எழுதப்பட்ட எண் பிழையற்றது; அளவையும் பிழையற்றது; கொண்ட பொருள் நேர் எதிரானது. தலைமை மருத்துவர் லாசன், மயக்க மருந்தியல் வல்லுநரான பியோன் இப்சனை ஆலோசனைக்கு அழைத்தார். அறுவை அரங்கில் போதிய மூச்சின்றிக் கிடக்கும் நோயாளிகளைக் கண்டு பழகியவர் இப்சன். அவர் அதே எண்ணைப் பார்த்து வேறு பொருள் சொன்னார்: வெளியேற வேண்டிய வாயு வெளியேறாமல் தேங்கியிருக்கிறது, தேங்கிய வாயு பைகார்பனேட்டாக மாறியதால்தான் அவ்வெண் உயர்ந்திருக்கிறது, குருதி காரமாகவில்லை, அமிலமாகியிருக்கிறது.

1952 ஆகஸ்டு 27ஆம் நாள், இறக்கும் தறுவாயிலிருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி அவளுக்கு மூச்சூட்டினார் இப்சன். சிறுமி பிழைத்தாள். மருத்துவமனையின் ஆய்வகத் தலைவர் பவுல் அஸ்ட்ரப், பிஎச் அளக்கும் மின்முனையைத் தருவித்துக் குருதியை நேரடியாக அளந்து, அது அமிலமாகவே இருந்ததை உறுதிப்படுத்தினார். இன்று உலகெங்கும் செய்யப்படும் குருதி வளிமச் சோதனைக்கு அன்று தொடங்கிய அவரது பணி அடித்தளமாயிற்று. இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது.

இவ்வரலாற்றில் மாணவர்கள் அறிய வேண்டிய பகுதி ஒன்றுண்டு. கையால் மூச்சூட்ட இயந்திரம் ஏது? ஏறத்தாழ 1,500 மருத்துவ, பல்மருத்துவ மாணவர்கள் முறைவைத்து அமர்ந்து, பகலும் இரவும் அப்பைகளை அழுத்தினர். ஒரே நேரத்தில் 70 நோயாளிகள் வரை அவ்வாறு மூச்சுவிட்டனர். ஒரு நோயாளிக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். தம்மினும் சில ஆண்டே இளைய ஒருவரின் மூச்சு தம் கைப்பிடியில் இருக்கிறது என்பதை அறிந்தபடி அவர்கள் அமர்ந்திருந்தனர். தற்காலத் தீவிர சிகிச்சைப் பிரிவு என்பது அந்த அறைகளிலிருந்து வளர்ந்ததுதான்.

மேற்கண்ட பிழை அறியாமையால் நேர்ந்தது என ஒதுக்கிவிட முடியாது. எண்ணைத் துணையின்றிப் படிக்கும் பழக்கம் இன்றும் உள்ளது. அதற்கு இயல்பளவு என்னும் சொல்லே ஓரளவு காரணம் என்பது நம் கருத்து. ஆஸ்துமா கடுமையாகத் தாக்கிய மாணவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மூச்சு வேகமாக வாங்குவதால் அவரது குருதியில் கரியமில வாயு 40க்கும் குறைவாகவே இருக்க வேண்டும். தாளில் 40 என வந்தால், இயல்பெல்லைக்குள் இருப்பதாகக் கணிப்பொறி கறுப்பு மையில் அச்சிடும். தேர்ந்த மருத்துவரோ அவ்வெண்ணைக் கண்டு அஞ்சுவார். மூச்சுத்தசைகள் களைத்துவிட்டன, இனி வாயு ஏறத் தொடங்கும் என்பதே அதன் பொருள். ஒரு சொல்லுக்கு அகராதி தரும் பொருள் ஒன்றாகவும் தொடர் தரும் பொருள் வேறாகவும் இருக்கக் காண்கிறோமே, அது போன்றதே இது.

நீரிழிவால் வரும் அமில மிகுதியில் வேறொரு தொடரைக் காணலாம். பிஎச் 7.20, கரியமில வாயு 22, பைகார்பனேட்டு 8.4. இன்சுலின் போதாமையால் உடல் கொழுப்பை எரித்து உண்டாக்கிய அமிலங்கள் பைகார்பனேட்டைத் தின்றுவிட்டன. நுரையீரல் ஆழ்ந்து வேகமாக மூச்சுவிட்டு, தன் பங்கு அமிலத்தையேனும் குறைக்கப் போராடுகிறது. இங்கு உயிர்வளி அளவு நூற்றுக்கு நூறு இருக்கலாம். நெஞ்சில் நோயில்லை, மூச்சிரைப்போ கடுமை. வீட்டில் நீரிழிவு நோயாளி ஒருவர் வாந்தியோடு இவ்வாறு பெருமூச்சு வாங்கினால், அதை வெறும் களைப்பென்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கலைச்சொல் ஆக்குவோர்க்கு இங்கே ஒரு வேலை காத்திருக்கிறது. ஆங்கில மருத்துவத்தில் அசிடீமியா, அசிடோசிஸ் என இரு சொற்கள் உள்ளன. முன்னது குருதி இப்போது இருக்கும் நிலை. பின்னது குருதியை அமிலத்தை நோக்கி இழுக்கும் செயல். தமிழில் இரண்டையும் அமிலத்தன்மை என்னும் ஒரே சொல்லால் பெயர்த்துவிடுகிறோம். வேறுபாடு வேண்டுமா? வேண்டும். பிஎச் 7.40ஆக இருக்கும் குருதியில்கூட, ஒரு நோய் அமிலத்தின் பக்கமும் மற்றொரு நோய் காரத்தின் பக்கமும் இழுத்துக்கொண்டிருக்கலாம். கயிறிழுப்பில் கயிறு அசையாது நிற்பதனால் இருபுறமும் ஆளில்லை என்றாகாது. நிலையை அமிலக்குருதி என்றும் செயலை அமிலமேற்றம் என்றும் பிரித்து வழங்கலாம் என நாம் கருதுகிறோம். ஏற்றம் என்னும் தொழிற்பெயர் இயக்கத்தைக் காட்டிவிடுகிறது. இதனினும் நல்ல சொல் கிடைத்தால் மகிழ்ச்சியே.

காரம் என்னும் சொல்லோ இன்னும் தொல்லை தருவது. இலங்கைப் பாடநூல்கள் மூலம் என்றும் காரம் என்றும் இரண்டாகப் பிரிக்கும்; தமிழ்நாட்டு நூல்கள் காரம், எரிகாரம் என்னும். அடுக்களையில் காரம் என்றால் மிளகாய். "ரத்தத்தில் காரம் குறைந்துவிட்டது" என்று ஒரு தாயிடம் சொன்னால் அவர் என்ன செய்வார் என்பதை ஊகிப்பது கடினமன்று. அறிவியல் வகுப்பில் இச்சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், அன்றே இரு பொருளையும் பலகையில் எழுதிக்காட்டுவது பயன்தரும். நோயாளியின் வீட்டாரிடம் பேசும்போது கலைச்சொல்லையே தவிர்த்துவிடலாம்.

நாம் அன்றிரவு இரண்டாம் முறை அவ்வாறே செய்தோம். "அக்கா, உள்ள போற காத்துக்குக் குறையில்ல. வெளிய வரவேண்டிய கழிவுக் காத்து வரல. அது ரத்தத்துல தங்குனதாலதான் இந்த மயக்கம். விரல்ல மாட்டியிருக்கிற மெஷின் அதைக் காட்டாது." அவருக்கு விளங்கிவிட்டது. "அப்ப மூச்ச வெளிய தள்ளத்தான் உதவி வேணும், இல்லையா?" என்று கேட்டார். மருத்துவர் செய்யவிருந்ததும் அதுவே: இறுக்கமான முகமூடி வழியே அழுத்தம் கொடுத்து, நுரையீரல் விரியவும் சுருங்கவும் துணைபுரியும் கருவி. உயிர்வளியின் அளவையும் குறைத்தனர். இத்தகைய நாட்பட்ட நோயாளிகளுக்கு விரல்நுனிக் கருவியில் 88 முதல் 92 விழுக்காடு காட்டினாலே போதும் என்பதும், அதற்கு மேல் உயிர்வளியைச் செலுத்துவது கரியமில வாயுவை ஏற்றிவிடக்கூடும் என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது. நாங்கள் கொண்டாடிய 98 அவருக்கு நன்மை செய்யவில்லை.

மறுநாள் காலை அவர் கண்விழித்துக் காப்பி கேட்டார். புதிய தாள் வந்தது: பிஎச் 7.36, கரியமில வாயு 62, பைகார்பனேட்டு 34. தமக்கையாரின் மகன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு முகம் வாடினான். 62ஐயும் 34ஐயும் கணிப்பொறி சிவப்பில் அச்சிட்டிருந்தது. மருத்துவர் அவன் தோளில் கைவைத்து, உன் தந்தையின் சிறுநீரகங்கள் பல ஆண்டுகளாகப் பைகார்பனேட்டைச் சேமித்து இந்த 62க்கு ஈடுசெய்து வந்திருக்கின்றன, இதை 40க்கு இறக்க நாங்கள் முயலப் போவதில்லை, அவருக்கு இதுதான் இயல்பு என்றார்.